கிடங்கும் குறைய வேண்டும்; வேலையும் நிற்கக் கூடாது!

ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் சாலையில் இருக்கிறது, பருத்திப்பட்டு.

ஊரின் பெயரில் பருத்தி உண்டு. பட்டும் உண்டு. ஆனால் ஊரைச் சுற்றி நடப்பதெல்லாம் இரும்பு வேலை!

ஒரு பக்கம் ஆவடி டாங்கித் தொழிற்சாலை. இன்னொரு பக்கம் அம்பத்தூர் தொழிற்பேட்டை. பூந்தமல்லியைத் தாண்டினால் திருமழிசை. அதற்கும் அப்பால் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து மோட்டார் கம்பெனிகள். காலை ஷிப்டுக்குப் போகிறவர்களும், இரவு ஷிப்டு முடித்து வருகிறவர்களும் இந்தப் பக்கத்து வீடுகளில் நிறைய இருக்கிறார்கள்.

பருத்திப்பட்டில் ஒரு ஏரியும் இருக்கிறது. கரையைச் சீராக்கி, நடைபாதை போட்டு, 2019-ஆம் ஆண்டில் அதைப் பூங்காவாகத் திறந்தார்கள்.

ஏரி எதற்காக ஏற்பட்டது?

மழை ஆண்டில் சில நாட்கள்தான் பெய்கிறது. பயிருக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். பெய்கிற நாளில் பிடித்து வைத்து, பெய்யாத நாளில் மதகு வழியாக அளந்து விட வேண்டும். அதற்காகத்தான் நம் முன்னோர்கள் ஏரி வெட்டினார்கள்.

தொழிற்சாலையின் கிடங்கும் ஓர் ஏரிதான். சரக்குக்குக் கிராக்கி ஒரு நாள் அதிகம், ஒரு நாள் குறைவு. ஆனால் உள்ளே வேலை செய்கிறவருக்கு வயிறு தினமும் ஒரே மாதிரிதான் பசிக்கிறது. கிராக்கி இல்லாத நாளில் செய்ததை அடுக்கி வைக்கிறார்கள். கிராக்கி வந்ததும் எடுத்து விற்கிறார்கள். கிடங்கு இருப்பதால்தான் வேலை ஒழுங்காக நடக்கிறது.

அப்படியானால், 'கிடங்கைக் குறை, கையிருப்பைக் குறை' என்று ஏன் எல்லாக் கம்பெனிகளும் சொல்லுகின்றன? கையிருப்பைக் குறைத்தால் வேலை என்ன ஆகும்?

இது முதலாளிகள் மட்டும் பேச வேண்டிய சங்கதி என்று நினைக்கலாம். அப்படி இல்லை. மாதச் சம்பளத்தில் எத்தனை நாள் வெட்டு விழும் என்பது இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

தூங்கும் பணம்

ஒரு சின்னப் பட்டறையை எடுத்துக் கொள்ளுங்கள். அதில் 10 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு கிடக்கிறது. கொஞ்சம் இரும்புக் கம்பி, கொஞ்சம் அரைகுறையாகச் செய்த சாமான், கொஞ்சம் செய்து முடித்து லாரிக்குக் காத்திருக்கும் சாமான்.

அந்த 10 லட்சம் பாங்கிக் கடன். வட்டி 12 சதவீதம் என்று வைத்துக் கொண்டால், ஆண்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். மாதம் 10 ஆயிரம்.

ஒன்றும் செய்யாமல் சும்மா கிடக்கும் இரும்புக்கு மாதம் 10 ஆயிரம் ரூபாய் சம்பளம்!

வட்டியோடு போகிறதா? இடத்துக்கு வாடகை. துருப் பிடிக்காமல் எண்ணெய் தடவ வேண்டும். எடுத்து வைக்க ஆள், எண்ணிப் பார்க்க ஆள். கணக்குப் புத்தகத்தில் இந்தச் சரக்கைச் 'சொத்து' என்றே எழுதுகிறார்கள். எழுதுகிறவர் மேல் குற்றம் இல்லை. முறை அப்படி.

திடீரென்று சட்டம் மாறினால் சொத்து ஒரே நாளில் பாரம் ஆகிவிடும். 2017-ஆம் ஆண்டு நடந்தது பலருக்கு நினைவிருக்கும். அதிகப் புகை விடும் பழைய ரக வண்டிகளை, அதாவது பாரத் ஸ்டேஜ்-3 வண்டிகளை, ஏப்ரல் 1-ந் தேதி முதல் விற்கக் கூடாது என்று மார்ச் 29-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. அப்போது நாடு முழுவதும் விற்காமல் நின்றவை 8 லட்சத்துக்கு மேல். பெரும்பாலும் இரண்டு சக்கர வண்டிகள். மிச்சம் இருந்தது 2 நாள்! ஆயிரக் கணக்கில் தள்ளுபடி கொடுத்தார்கள். கடைகளில் திருவிழாக் கூட்டம். வாங்கியவர்களுக்குக் கொண்டாட்டம். விற்றவர்களுக்கு?

எனவே, 'கையிருப்பைக் குறை' என்பதில் நியாயம் இருக்கிறது.

சிவகாசியைப் பாருங்கள்

ஆனால் கையிருப்பே கூடாது என்று சொல்ல முடியுமா?

தீபாவளி ஆண்டுக்கு ஒரு நாள். பட்டாசு முக்கியமாக விற்பது அதற்கு முந்திய சில வாரங்களில். சிவகாசியில் பட்டாசு செய்வதோ மாதக் கணக்கில். கையிருப்பு கூடாது என்றால் புரட்டாசி மாதம் மட்டும் ராப்பகலாக வேலை செய்துவிட்டு, மற்ற மாதம் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் நோட்டுப் புத்தகம் விற்கிறது. ஐப்பசியில் குடை விற்கிறது. இவற்றையெல்லாம் முன்கூட்டியே செய்து வைத்தால்தான் தொழிலாளிக்கு ஆண்டு முழுவதும் வேலை.

ஆக, கையிருப்பில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, தெரிந்தே, கணக்குப் போட்டுச் சேர்த்தது. இன்னொன்று, எதற்கு என்றே தெரியாமல் சேர்ந்து போனது. மிஷின் எப்போது கெடுமோ என்ற பயத்தில் சேர்ந்தது. பத்தில் ஒன்று பழுதாகுமே என்று அதிகமாகச் செய்தது. விலை மலிவு என்று அள்ளி வாங்கியது. குறைக்க வேண்டியது இந்த இரண்டாவது வகையை.

கஷ்டம் என்னவென்றால், 'குறை' என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வரும்போது இரண்டுக்கும் வித்தியாசம் பார்ப்பது இல்லை. சட்டென்று குறைக்க ஒரே ஒரு சுலப வழிதான் உண்டு. கதவைச் சாத்துவது!

2019: வேலை இல்லாத நாள்

2019-ஆம் ஆண்டு மோட்டார் தொழில் படுத்துவிட்டது. அந்த ஆகஸ்டு மாதம் தொழிற்சாலைகளிலிருந்து ஏஜெண்டுகளுக்குப் போன கார் முதலிய வண்டிகளின் எண்ணிக்கை, 2018 ஆகஸ்டைவிட 31 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

அந்த மாதம் பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டன் தொழிற்சாலை 16, 17-ந் தேதிகளை வேலை இல்லாத நாட்கள் என்று அறிவித்தது. செப்டம்பரில் எண்ணூர் அசோக் லேலண்டு தொழிற்சாலையில் 16 நாட்களுக்கு வேலை இல்லை என்று அறிவிப்பு வந்தது. ஓசூரில் 5 நாள்.

கம்பெனிகளுக்குக் காரணம் இருந்தது. விற்காத லாரியைச் செய்து குவித்து என்ன பயன்? அதோடு, 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ்-6 வண்டிகளைத்தான் விற்க வேண்டும் என்ற கெடுவும் எதிரே நின்றது. 2017-இல் பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை.

இங்கே ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும்.

ஏஜெண்டுகளுக்குப் போன வண்டி 31 சதவீதம் குறைந்தது. ஆனால் அதே ஆகஸ்டில் மக்கள் கடையில் வாங்கிய வண்டி, ஏஜெண்டுகள் சங்கத்தின் கணக்குப்படி, சுமார் 7 சதவீதம்தான் குறைந்தது!

வாங்குகிறவர் குறைத்தது 7. தொழிற்சாலைக்குக் குறைந்தது 31. நடுவில் எங்கே போயிற்று?

100 எப்படி 50 ஆயிற்று?

இதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். பேப்பர், பென்சில் எடுத்துப் போட்டுப் பார்த்தாலும் நல்லது. வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை இருந்தால் கூடச் சேர்த்துக் கொள்ளுங்கள்.

ஓர் ஏஜெண்டு மாதம் 100 ஸ்கூட்டர் விற்கிறார். ஒன்றரை மாத விற்பனைக்குக் கையிருப்பு வைப்பது அவர் வழக்கம். அதாவது 150 வண்டி.

விற்பனை 100-லிருந்து 90 ஆகக் குறைகிறது. இனி அவருக்கு 135 வண்டி கையிருப்புப் போதும். 15 வண்டி அதிகம். அதை இந்த மாதமே தீர்த்துவிட நினைக்கிறார். 90 வண்டி விற்கும். 15 கையில் இருக்கிறது. ஆகவே கம்பெனியிடம் அவர் கேட்பது 75.

கம்பெனிக்கு வந்த ஆர்டர் 100-லிருந்து 75 ஆயிற்று.

கம்பெனி ஒரு மாத வேலைக்கு வேண்டிய பிரேக்கு வைத்திருக்கிறது. 100 பிரேக்கு. இனி 75 போதும். 25 அதிகம். கம்பெனியும் இதே மாதம் தீர்க்க நினைக்கிறது. 75 வண்டிக்கு 75 பிரேக்கு வேண்டும். 25 கையில் இருக்கிறது. ஆகவே பட்டறைக்குப் போகும் ஆர்டர் 50!

கடையில் குறைந்தது 100-க்கு 10. கம்பெனியில் 25. பட்டறையில் 50.

பட்டறை முதலாளி தலையில் கை வைக்கிறார். பாதிப் பேரை 'அப்புறம் வாருங்கள்' என்று அனுப்பிவிடுகிறார்.

அடுத்த மாதம் என்ன ஆகிறது? ஏஜெண்டின் கையிருப்பு சரியாகிவிட்டது. அவர் 90 வண்டி கேட்கிறார். கம்பெனி 90 வண்டி செய்ய வேண்டும். பிரேக்குக் கையிருப்பும் 75-லிருந்து 90 ஆக வேண்டும். ஆகவே பட்டறைக்கு வரும் ஆர்டர் 105!

போன மாதம் 50. இந்த மாதம் 105. போன மாதம் வீட்டுக்கு அனுப்பிய ஆளை இந்த மாதம் தேடிப் பிடித்து, ராத்திரி ஓவர்டைம் பார்க்கச் சொல்ல வேண்டும். அவர் அதற்குள் வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்திருப்பார். புது ஆள் வருவார். பழுது அதிகமாகும். பழுதுக்குப் பயந்து பட்டறை அதிகமாகச் செய்து வைக்கும். கையிருப்பு மறுபடியும் ஏறும்.

கடையில் வாங்கியவர் இந்த 2 மாதமும் ஒரே மாதிரி 90 வண்டிதான் வாங்கினார். ஆட்டம் முழுவதும் கையிருப்பைக் குறைத்த அவசரத்தால் வந்தது.

5 மாதத்தில் குறைத்தால்?

இதே கணக்கைக் கொஞ்சம் மாற்றலாம்.

ஏஜெண்டு அந்த 15 வண்டியை ஒரே மாதத்தில் தீர்க்காமல், 5 மாதத்தில் தீர்க்கிறார். மாதம் 3. அவர் கேட்பது 87 வண்டி. கம்பெனியும் 100 பிரேக்கை 90 ஆகக் குறைக்க 5 மாதம் எடுத்துக் கொள்கிறது. மாதம் 2. பட்டறைக்கு வரும் ஆர்டர் 85.

5 மாதம் 85, பிறகு 90. அவ்வளவுதான்.

85 ஆர்டருக்கு யாரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியது இல்லை. ஓவர்டைமை நிறுத்தினால் போதும். சும்மா இருக்கும் நேரத்தில் மிஷினைப் பிரித்துச் சுத்தம் செய்யலாம். புதுப் பையனுக்கு வேலை சொல்லிக் கொடுக்கலாம். கையிருப்பும் கடைசியில் அதே அளவுக்குத்தான் குறைந்திருக்கும்.

கூடுதல் செலவு என்ன? அதிகமாக இருந்த சரக்குக்குச் சில மாத வட்டி. ஒரு தொழிலாளியின் குடும்பம் சீட்டுப் பணம் கட்ட முடியாமல் திண்டாடுவதோடு ஒப்பிட்டால், இந்த வட்டி கொசுறு.

இதற்கு எல்லாரும் எல்லாருக்கும் உண்மையான விற்பனைக் கணக்கைச் சொல்ல வேண்டும். பட்டறைக்காரருக்குக் கம்பெனியின் ஆர்டர் மட்டும்தான் தெரிகிறது. கடையில் எத்தனை விற்றது என்று தெரிவது இல்லை. தெரிந்தால், 50 ஆர்டர் வந்த மாதம் அவர் அலறமாட்டார். கடையில் 90 விற்கிறதே, அடுத்த மாதம் சரியாகும் என்று ஆளை வைத்துக் கொள்வார்.

ஜப்பான் கற்ற பாடம்

கையிருப்பைக் குறைப்பது என்றால் உலகம் முழுவதும் ஜப்பானின் டொயோடா கம்பெனியைத்தான் சொல்லுவார்கள். அந்தக் கம்பெனி இதைச் சுகமாகக் கற்கவில்லை. 1949-50-இல் விற்காத வண்டிகள் குவிந்து, கடன் ஏறி, டொயோடா மூழ்கும் நிலைக்கு வந்தது. ஆட்குறைப்பு. வேலை நிறுத்தம். 1950-இல் கம்பெனித் தலைவர் கீச்சிரோ டொயோடா பதவியை விட்டு விலகினார்.

அந்த அடிக்குப் பிறகு, தாயிச்சி ஓனோ என்ற என்ஜினீயர் அங்கே புது முறைகளைப் புகுத்தினார். அவற்றில் ஒன்று சீட்டு முறை. பெட்டியில் உள்ள சாமான் தீர்ந்தால், பெட்டியோடு இருந்த சீட்டு முந்திய பிரிவுக்குப் போகும். சீட்டு வந்தால்தான் அங்கே செய்வார்கள். வராவிட்டால் செய்ய மாட்டார்கள்.

புரியவில்லையா? வீட்டுச் சமையல் அறையைப் பாருங்கள். இரண்டு காஸ் சிலிண்டர் இருக்கிறது. ஒன்று தீர்ந்ததும் அடுத்ததை மாட்டிவிட்டு, உடனே புதிதுக்குப் பதிவு செய்கிறார்கள். காலி சிலிண்டர்தான் சீட்டு! ஐந்து சிலிண்டர் வாங்கி அடுக்குவதும் இல்லை. சமையல் பாதியில் நிற்பதும் இல்லை. ஓனோவின் முறையை நம் இல்லத்தரசிகள் தினமும் நடத்துகிறார்கள்.

இன்னொரு முறை, கலந்து செய்வது.

ஒரு கம்பெனி சின்ன வண்டியும் செய்கிறது. பெரிய வண்டியும் செய்கிறது. மாதத்தில் முதல் 20 நாள் சின்ன வண்டி, கடைசி 10 நாள் பெரிய வண்டி என்று செய்தால் என்ன ஆகும்? பெரிய வண்டிக்குப் பிரேக்கு செய்யும் பட்டறைக்கு 20 நாள் வேலை இல்லை. 10 நாள் தூக்கம் இல்லை. பெரிய வண்டி கேட்டு 5-ந் தேதி வருகிறவருக்குக் கொடுக்க, போன மாதத்து வண்டி கிடங்கில் நிற்க வேண்டும்.

தினமும் இரண்டையும் கலந்து செய்தால்? பட்டறைக்குத் தினமும் ஒரே அளவு வேலை. கிடங்கில் சில நாள் சரக்கு இருந்தால் போதும். கையிருப்பும் குறைகிறது, வேலையும் ஒழுங்காக நடக்கிறது. முட்டி மோதிய இரண்டு உத்தரவும் இங்கே சமாதானம் ஆகிவிடுகின்றன!

ஆனால் தினமும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும் என்றால், பிரஸ் மிஷினில் டையைத் தினமும் மாற்ற வேண்டும். அங்கேதான் முட்டுக்கட்டை. டை மாற்ற அரை ஷிப்டு ஆகிறது என்றால், மாற்றியது மாற்றியாயிற்று, பத்து நாளைக்கு வேண்டியதை அடித்துத் தள்ளு என்றுதான் சொல்லுவார்கள்.

டொயோடாவில் 1,000 டன் பிரஸ் ஒன்றுக்கு டை மாற்ற 4 மணி நேரம் ஆயிற்று. 1969-இல் ஷிகியோ ஷிங்கோ என்ற நிபுணர் அதை ஆராய்ந்தார். மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்து வைக்கக் கூடிய வேலைகளை, மிஷினை நிறுத்திவிட்டுச் செய்கிறார்கள் என்று கண்டார். புது டையைக் கொண்டு வருவது, போல்ட்டைத் தேடுவது, ஸ்பானரைத் தேடுவது எல்லாம் நிறுத்திய பிறகு! அவற்றை முன்னாலேயே செய்து வைத்ததும் 4 மணி நேரம் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பிறகு மாட்டுகிற விதத்தையும் மாற்றினார்கள். 3 நிமிடம் ஆயிற்று!

ஸ்பானர் தேடுவதில் எத்தனை நேரம் போகிறது என்பது அம்பத்தூர்ப் பட்டறைகளில் வேலை செய்கிறவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியது இல்லை.

ஏரியில் தண்ணீர் நிறைய இருந்தால் அடியில் உள்ள பாறை தெரியாது. வற்றினால் தெரியும். கையிருப்பு குறைந்தால் தொழிற்சாலையில் உள்ள குறை தெரியும் என்று ஜப்பானியர் இதையே உவமையாகச் சொல்லுவார்கள். நல்ல உவமை. ஆனால் நம் ஊரில் பலர் பாதியை மட்டும் பிடித்துக் கொண்டார்கள். தண்ணீரை ஒரேயடியாக வடித்துவிட்டால் படகு பாறையில் மோதி உடையும். ஒரு சாண் இறக்கு. தெரிகிற பாறையை எடு. பிறகு அடுத்த சாண். இதுதான் முழு முறை.

பாடியில் வாங்கிய பரிசு

ஜப்பான்காரனுக்குச் சரி, நமக்கு வருமா என்று கேட்க வேண்டாம். தரமான உற்பத்தி முறைக்கு ஜப்பானில் கொடுக்கும் டெமிங் பரிசை இந்தியாவில் முதன்முதலாக வாங்கியது, பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு. ஆண்டு 1998. பின்னர் 2004-இல் அதே பாடியின் லூகாஸ் டி.வி.எஸ். கம்பெனியும் வாங்கியது. பருத்திப்பட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம்தான்.

பெரிய தொழிற்சாலைகள் கற்றுக் கொண்டன. அவற்றுக்குச் சாமான் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறைகளின் கதை வேறு.

பெரிய கம்பெனி சொல்லுகிறது: 'எங்கள் கிடங்கில் இடம் இல்லை. வேண்டியபோது வேண்டிய அளவு கொண்டு வா.' பட்டறைக்காரர் என்ன செய்வார்? கேட்ட நேரத்தில் கொடுக்காவிட்டால் ஆர்டர் போய்விடும். ஆகவே தன் பட்டறையில் செய்து அடுக்கி வைக்கிறார். பெரிய கம்பெனியின் அறிக்கையில் கையிருப்பு குறைந்தது என்று வருகிறது. உண்மையில் சரக்கு குறையவில்லை. இடம் மாறியது. குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கக் கூடியவர் கையிலிருந்து, அதிக வட்டி கட்டுகிறவர் தலைக்கு மாறியது.

இதற்கு மேல், கொடுத்த சரக்குக்குப் பணமும் தாமதமாக வருகிறது. சிறுதொழில்களிடம் வாங்கிய சரக்குக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லுகிறது. தவறினால் ரிசர்வ் பாங்கு வட்டியைப் போல 3 மடங்கு வட்டி. ஆனால் தனக்குச் சோறு போடும் கம்பெனியின் மேல் எந்தப் பட்டறைக்காரர் புகார் எழுதுவார்? 2023-இல் வருமான வரிச் சட்டத்தைத் திருத்தி, கெடுவுக்குள் பணம் கொடுக்காவிட்டால் அந்தச் செலவை அந்த ஆண்டுக் கணக்கில் கழிக்க முடியாது என்று செய்தார்கள். புகார் எழுதாமலே பிடி விழுகிறது. நல்ல ஏற்பாடு.

அடியோடு வற்றினாலும் ஆபத்து

1997 பிப்ரவரி 1-ந் தேதி, டொயோடாவுக்குப் பிரேக்கு வால்வு செய்து கொடுத்த ஐசின் கம்பெனியின் தொழிற்சாலை ஒன்று தீப்பிடித்து எரிந்தது. அந்தச் சின்ன வால்வு ஏறக்குறைய முழுவதும் அங்கேதான் செய்யப்பட்டது. டொயோடாவில் கையிருப்பு மிகச் சொற்பம். ஜப்பானில் அதன் தொழிற்சாலைகள் நின்றன. மற்ற பட்டறைகள் ராப்பகலாக வால்வு செய்து கொடுத்ததால் சில நாளில் பிழைத்தது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்ததை இங்கே உள்ளவர்கள் மறக்கவில்லை. மோட்டார் கம்பெனிகளும் அப்போது வேலையை நிறுத்தின. 2021-இல் எலெக்ட்ரானிக் சில்லுகள் கிடைக்காமல் உலகம் முழுவதும் கார் தொழிற்சாலைகள் நின்றன. 2011 பூகம்பத்துக்குப் பிறகு டொயோடா, முக்கியமான சில்லுகளை மட்டும் சில மாதத்துக்கு முன்கூட்டியே சேர்த்து வைக்கச் செய்திருந்தது. அதனால் மற்றவர்களைவிடச் சில மாதம் கூடுதலாகத் தாக்குப் பிடித்தது. கையிருப்பைக் குறைப்பதில் குருவாக விளங்கும் கம்பெனியே எதைக் குறைக்கக் கூடாது என்று கண்டுகொண்டது!

அரசாங்கமும் ஒரு வாடிக்கைக்காரர்

ஆவடியில் 1961-இல் தொடங்கியது டாங்கித் தொழிற்சாலை. 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. டாங்கியைச் செய்து அடுக்கி வைத்து, ஆள் வந்தால் விற்கலாம் என்று இருக்க முடியாது. வாங்குகிறவர் ஒருவரே, ராணுவம்.

அர்ஜுன் டாங்கிக்கு 2000-இல் 124-க்கு ஆர்டர் வந்தது. அடுத்த 124, 2010-இல். அதற்கு அடுத்த 118, 2021-இல். ஒன்றுக்கும் ஒன்றுக்கும் 10 ஆண்டு இடைவெளி! டி-90 போன்ற வேறு டாங்கி வேலைகள் இருப்பதால் பெரிய தொழிற்சாலை சமாளிக்கும். அர்ஜுனுக்கு மட்டும் ஒரு தனி சாமான் செய்து கொடுக்கும் பட்டறை 10 ஆண்டு எப்படிக் காத்திருக்கும்? மிஷினை விற்றுவிட்டு வேறு வேலைக்குப் போகும். மறுபடி ஆர்டர் வரும்போது எல்லாம் முதலிலிருந்து.

மொத்தமாக வாங்குவதை ஆண்டுக்கு இவ்வளவு என்று பிரித்து வாங்கினால், கஜானாவுக்கு அதிகச் செலவு இல்லை. கை பழகிய தொழிலாளி கையை விட்டுப் போகமாட்டார்.

யார் தாங்குவது?

எத்தனை கணக்குப் போட்டாலும் சில ஆண்டுகளில் கிராக்கி விழத்தான் செய்யும். அப்போது 'வேலை இல்லாத நாள்' வருவதை முழுவதும் தவிர்க்க முடியாமல் போகலாம். அந்த நாளின் பாரத்தை யார் தாங்குவது?

வேலை கொடுக்க முடியாத நாளுக்கு, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதியைத் தர வேண்டும் என்பது தொழில் தகராறுச் சட்டத்தில் இருந்த விதி. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பாதி இருக்கிறது. ஆனால் 50 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கு அது பொருந்தாது. ஓர் ஆண்டு முடிக்காதவருக்குக் கிடையாது. பதிலி ஆளுக்கும் கிடையாது.

மேலே போட்ட கணக்கைத் திருப்பிப் பாருங்கள். 100-க்கு 10 குறைந்த இடத்தில் பெரிய ஏஜெண்டு இருக்கிறார். 25 குறைந்த இடத்தில் பெரிய கம்பெனி இருக்கிறது. 50 குறைந்த இடத்தில், 50 பேர் கூட இல்லாத பட்டறை இருக்கிறது. அடி அதிகமாக விழும் இடத்தில் சட்டத்தின் குடை இல்லை!

இதை அரசாங்கம் கவனிக்க வேண்டும். பெரிய கம்பெனிகள் அதற்குக் காத்திருக்க வேண்டியது இல்லை. 3 மாத ஆர்டரை முன்கூட்டியே எழுத்தில் கொடுக்கலாம். முதல் மாத ஆர்டரை எந்தக் காரணம் கொண்டும் மாற்றுவது இல்லை என்று வைத்துக் கொள்ளலாம். இரண்டாவது மாதத்தை 100-க்கு 10-க்கு மேல் ஏற்றவோ இறக்கவோ மாட்டோம் என்று சொல்லலாம். மூடுவது என்று முடிவு செய்தால், அதைப் பட்டறைகளுக்கு முந்திய நாள் மாலையில் சொல்லாமல் ஒரு மாதத்துக்கு முன்னால் சொல்லலாம். ஒரு மாதம் முன்னால் தெரிந்தால், பட்டறைக்காரர் வேறு கம்பெனியிடம் 10 நாள் வேலையாவது கேட்டு வாங்கி வருவார். தொழிலாளியின் மனைவி அந்த மாதச் சீட்டை எடுக்காமல் தள்ளி வைப்பார்.